ஸ்டெப்பர் மோட்டார் எப்படி ஓடவில்லை?

ஸ்டெப்பர் மோட்டார், அதாவது ஒவ்வொரு பல்ஸுக்கும் (மின் துடிப்புக்கும்) ஒரு சிறு படி மட்டும் திரும்பும் மோட்டார், ஓடவில்லை என்று யாராவது வந்து நின்றால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எப்படி ஓடவில்லை? சத்தமே இல்லாமல் கிடக்கிறதா, நின்ற இடத்தில் நடுங்குகிறதா, கீச்சென்று கத்துகிறதா, இல்லை நன்றாக ஓடிவிட்டுத் தவறான இடத்தில் போய் நிற்கிறதா? நான்கும் வேறு வேறு கோளாறு. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

நிரலை ஓட்டும் மைக்ரோகன்ட்ரோலரின் வேலை பல்ஸ் அனுப்புவதோடு முடிந்துவிடுகிறது. டிரைவர் என்ற சிறு பலகை அந்தப் பல்ஸை வாங்கி மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்களில் (காயில்களில்) ஓடும் மின்னோட்டத்தை மாற்றுகிறது. தண்டு உண்மையிலேயே திரும்பியதா என்ற செய்தி எந்த வழியாகவும் திரும்பி வருவதில்லை. திரையில் ‘நிலை 4000’ என்று வந்தால், 4000 பல்ஸ் அனுப்பியாயிற்று என்று மட்டும்தான் அர்த்தம். இதை மறந்துவிட்டுப் பலர் மணிக்கணக்காக நிரலையே மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். நான் நிரலைக் கடைசியில்தான் திறப்பேன்.

இங்கே சொல்லும் பெரும்பாலான விஷயங்கள் ஒரே கருவியில் பார்த்தவை. பூச்சிகளை மிக நெருக்கத்தில் படம் எடுப்பதற்காக, கேமராவைத் துளித்துளியாக முன்னே நகர்த்தும் ரெயில் ஒன்றை நானும் நண்பர் ஒருவரும் செய்தோம். ஆர்டுயினோ ஊனோ மைக்ரோகன்ட்ரோலர் பலகை, ஏ4988 டிரைவர், ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் உள்ள நீமா 17 மோட்டார், ஒரு சுற்றில் 8 மில்லிமீட்டர் நகர்த்தும் மரைத் தண்டு. மைக்ரோஸ்டெப் 16 என்று, அதாவது ஒரு ஸ்டெப்பை 16 துண்டாகப் பிரிக்கும்படி, வைத்ததால் ஒரு சுற்றுக்கு 3200 பல்ஸ், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 400 பல்ஸ். இந்த 400 என்ற எண் பின்னால் வரும், நினைவில் இருக்கட்டும்.

முதலில் சத்தமே இல்லாத மோட்டார். மின்சாரம் கொடுத்துவிட்டுத் தண்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். இலகுவாகத் திரும்பினால் காயிலில் மின்னோட்டமே இல்லை. பிடித்துக்கொண்டு திரும்ப மறுத்தால் மின்னோட்டம் வந்துவிட்டது, பல்ஸ்தான் வரவில்லை. இரண்டு விரலால் செய்யும் இந்தச் சோதனை தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். மல்டிமீட்டரை எடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம்.

தண்டு இலகுவாகத் திரும்பினால் மோட்டாருக்கான மின்னழுத்தம் டிரைவர் பின்னிலேயே வருகிறதா என்று பாருங்கள். அடாப்டரின் முனையில் வருகிறது என்பது போதாது. டிரைவரை இயக்கவும் அணைக்கவும் உள்ள எனேபிள் பின் தாழ்நிலையில் இருக்க வேண்டும். அப்புறம் ஏ4988 பலகையில் ரீசெட் பின் எங்கேயும் இணைக்கப்படாமல் அந்தரத்தில் நிற்கும். அதைப் பக்கத்திலிருக்கும் ஸ்லீப் பின்னோடு சேர்த்துவிட வேண்டும். சேர்க்காவிட்டால் வரும் அறிகுறி வினோதமானது: பலகைக்கு அருகே கையைக் கொண்டுபோனால் மோட்டார் ஓடும், கையை எடுத்தால் நின்றுவிடும். அந்தரத்தில் நிற்கும் பின் சுற்றியுள்ள மின் இரைச்சலையெல்லாம் வாங்கிக்கொள்வதால் வருவது இது. ‘தொட்டால் சரியாகிறது’ என்று யார் சொன்னாலும் முதலில் இந்த இரண்டு பின்னையும் பார்ப்பேன்.

தண்டு இறுகி நிற்கிறது, ஆனால் நகரவில்லை என்றால் பல்ஸ் போகும் ஸ்டெப் ஒயரைப் பின்தொடர வேண்டும். மோட்டாருக்குத் தனி பவர் சப்ளை வைத்திருப்பவர்கள் அதன் கிரவுண்டை மைக்ரோகன்ட்ரோலரின் கிரவுண்டோடு சேர்த்தார்களா என்பது முதல் கேள்வி. சேர்க்காவிட்டால் பல்ஸை எதோடு ஒப்பிட்டு உயர்நிலை, தாழ்நிலை என்று பிரிப்பது என்பதே டிரைவருக்குத் தெரியாது. ஈஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் இரண்டு பொறி உண்டு. அதில் 34 முதல் 39 வரையுள்ள பின்கள் உள்ளீட்டுக்கு மட்டும்தான். நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் ஏறிவிடும், ஆனால் பல்ஸ் வெளியே வராது. இன்னொன்று மின்னழுத்தம். ஏ4988-இன் லாஜிக் பின்னுக்கு 5 வோல்ட் கொடுத்திருந்தால், உயர்நிலை என்று அது ஏற்பதற்கு 70 சதவீதம், அதாவது 3.5 வோல்ட் தேவை. ஈஎஸ்பி32 தருவதோ 3.3. சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. டிரைவரின் லாஜிக் பின்னுக்கும் 3.3 வோல்ட்டே கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அந்தச் சில்லு 3 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும்.

நடுங்கும் மோட்டார் அநேகமாகக் காயில் ஜோடி மாறிப்போன மோட்டார்தான். நான்கு ஒயர் மோட்டாரில் இரண்டு காயில்கள். ஒரே காயிலின் இரு முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டர் சில ஓம் காட்டும். வேறு வேறு காயிலின் முனைகளுக்கு நடுவே இணைப்பே இருக்காது. மீட்டர் கையில் இல்லையென்றால், மோட்டாரை டிரைவரிலிருந்து கழற்றிவிட்டு ஏதாவது இரண்டு ஒயரை ஒன்றாகத் தொடவைத்துத் தண்டைத் திருப்புங்கள். சட்டென்று கனமானால் அவை இரண்டும் ஒரு ஜோடி. ஒயரின் நிறத்தை நம்ப வேண்டாம். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அது மாறும், கேபிளின் இரு முனையிலும் உள்ள கனெக்டர்களும் வரிசையை மாற்றிவிடும். ஒரு காயிலை மட்டும் தலைகீழாக இணைத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், அவ்வளவுதான். நடுக்கம் வருவது ஜோடிகள் கலந்தால்தான், அல்லது ஒரு காயில் அறுந்திருந்தால்.

அறுந்திருப்பது என்றால் மோட்டாருக்குள்ளே அறுந்திருக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் ரெயிலில் நடுக்கம் வந்தும் போயும் கொண்டிருந்தது. கேமரா ஒரு முனைக்குப் போகும்போது மட்டும் வரும். ஒயரை லேசாக இழுத்துப் பார்த்தபோது, ஜம்பர் ஒயரின் முனையிலிருந்த உலோகக் கவ்வி தளர்ந்திருந்தது தெரிந்தது. ஒரு ஆம்பியர் அளவுக்கு ஓடும் இடத்தில் பிரெட்போர்டும் ஜம்பர் ஒயரும் தாங்காது. சோதனைக்குச் சரி. கருவியாகிவிட்ட பிறகு திருகி இறுக்கும் டெர்மினலுக்கு மாற்றிவிட வேண்டும்.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. மின்சாரம் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றவோ சொருகவோ கூடாது. காயிலில் ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டம் திடீரென்று அறுபட்டால் எழும் மின்னழுத்தம் டிரைவரைக் கொன்றுவிடும். தளர்ந்த ஒயரும் இதே வேலையைத்தான் செய்கிறது. ‘டிரைவர் அடிக்கடி போய்விடுகிறது’ என்று சொல்பவர்களிடம் டிரைவரைக் குறை சொல்வதற்கு முன் கனெக்டரைப் பார்க்கச் சொல்கிறேன். மோட்டார் மின்னழுத்தம் வரும் பின்னுக்கு மிக அருகிலேயே 100 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றும் இருக்க வேண்டும். சப்ளை ஒயரில் திடீரென்று எகிறும் மின்னழுத்தத்திலிருந்து டிரைவரைக் காப்பது அது.

புதிதாகக் கற்பவர்கள் கையில் அதிகம் இருப்பது 28பிஒய்ஜே-48 என்ற சிறிய கியர் மோட்டார், கூடவே அதை இயக்கும் யூஎல்என்2003 பலகை. அது நடுங்கினால் காரணம் பெரும்பாலும் நிரலில் பின்களைச் சொல்லும் வரிசை. ஆர்டுயினோவோடு வரும் ஸ்டெப்பர் நூலகத்துக்குப் பலகையின் 1, 3, 2, 4 என்ற வரிசையில் கொடுக்க வேண்டும். 1, 2, 3, 4 என்று கொடுத்தால் இருந்த இடத்திலேயே உதறும், அல்லது ஒரு திசைக்கு மட்டும் போகும். அதன் வெளித்தண்டு ஒரு சுற்றுச் சுற்ற 200 அல்ல, 2048 முழு ஸ்டெப் தேவை. வேகம் நிமிடத்துக்கு 10 முதல் 15 சுற்று வரை வைத்தால் நிம்மதியாக ஓடும். 60 என்று வைத்தால் ரீங்காரம் மட்டும்தான் கேட்கும்.

இந்தக் கட்டத்தில் நான் பயன்படுத்தும் நிரல் மிக எளியது. எந்த நூலகமும் கிடையாது. ஸ்டெப் பின்னை உயர்த்து, சிறிது பொறு, இறக்கு, அரை வினாடி பொறு, மறுபடி செய். மோட்டார் தண்டில் ஒரு துண்டு டேப்பைக் கொடி மாதிரி ஒட்டிவிடுவேன். மைக்ரோஸ்டெப் இல்லாமல், ஒவ்வொரு பல்ஸுக்கும் அந்தக் கொடி 1.8 டிகிரி சட்டென்று நகர வேண்டும். நகராமல் ஒரு பல்ஸைத் தாண்டினாலோ, இரண்டு முன்னே போய் ஒன்று பின்னே வந்தாலோ கண்ணுக்கே தெரியும். இதில் சரியாக நடக்கும் மோட்டார், ஒயரிங் அளவில் சரியான மோட்டார். மிச்சமிருப்பது வேகமும் விசையும்தான்.

கீச்சென்று கத்தும் மோட்டாருக்கு வருவோம். பல்ஸ் வரும் வேகத்துக்கு மோட்டாருக்குள் சுழலும் பாகமான ரோட்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை, காந்தப்புலம் முன்னே ஓடிவிட்டது, ரோட்டர் பின்தங்கி நின்று அதிர்கிறது. அந்தச் சத்தம்தான் அது. நின்ற நிலையிலிருந்து ஒரேயடியாக முழு வேகத்துக்குத் தாவச் சொன்னால் எந்த ஸ்டெப்பரும் இப்படித்தான் செய்யும். மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகம் ஏற்றினால் அதே மோட்டார் அதே வேகத்துக்கு அமைதியாகப் போகும். அக்செல்ஸ்டெப்பர் போன்ற நூலகத்தைப் பயன்படுத்துவது இதற்காகத்தான். ஆனால் 16 மெகாஹெர்ட்ஸ் ஆர்டுயினோவில் அது வினாடிக்குச் சுமார் 4000 ஸ்டெப்புக்கு மேல் தராது. எங்கள் ரெயிலின் கணக்கில் அது வினாடிக்கு 10 மில்லிமீட்டர். அதற்கு மேல் வேகம் கேட்டால் மைக்ரோஸ்டெப்பைக் குறைக்க வேண்டும்.

அந்த நூலகத்தில் இன்னொரு விஷயம். லூப் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் அது ‘இப்போது ஸ்டெப் கொடுக்க வேண்டுமா’ என்று பார்த்துக்கொள்கிறது. நடுவே ஒரு டிலே வைத்தாலோ, கணினிக்குச் செய்தி அனுப்பும் சீரியலில் நீளமாக எழுதினாலோ அந்தப் பார்வை தடைப்படும். 9600 வேகத்தில் ஒரு எழுத்துப் போக ஒரு மில்லி வினாடிக்குக் கொஞ்சம் அதிகமாகும். அனுப்பக் காத்திருக்கும் எழுத்துகளுக்கான சேமிப்பு இடம் நிரம்பிய பிறகு 20 எழுத்து எழுதினால் 20 மில்லி வினாடி மோட்டார் அநாதையாக நிற்கும். முழு வேகத்தில் போய்க்கொண்டிருப்பது அப்படித் திடீரென்று நின்றால் அந்த அதிர்ச்சியிலேயே ஸ்டெப் தவறிவிடும். கோளாறைக் கண்டுபிடிப்பதற்காகச் சேர்த்த பிரின்ட் வரியே கோளாறாகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வேகம் ஏற்றியும் கத்தினால் மின்னோட்ட வரம்பைப் பார்க்க வேண்டும். ஏ4988-இல் சின்னத் திருகு ஒன்று இருக்கும். அதன் உலோகத் தலைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அளந்தால் வருவது விரெஃப், அந்த வரம்பைத் தீர்மானிக்கும் மின்னழுத்தம். காயில் மின்னோட்டம் என்பது விரெஃப்பை, 8-ஐயும் உணர் ரெசிஸ்டரின் (மின்னோட்டத்தை அளக்க உதவும் ரெசிஸ்டரின்) மதிப்பையும் பெருக்கி வருவதால் வகுப்பது. அந்த ரெசிஸ்டர் எல்லாப் பலகையிலும் ஒன்றல்ல. 0.05, 0.068, 0.1 ஓம் என்று மூன்று வகையும் புழங்குகின்றன. சில்லுக்குப் பக்கத்திலிருக்கும் குட்டி ரெசிஸ்டரின் மேல் ஆர்050, ஆர்068, ஆர்100 என்று எழுதியிருக்கும். கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் படித்துவிடுங்கள். ஒரே 0.8 வோல்ட் விரெஃப், 0.1 ஓம் பலகையில் 1 ஆம்பியர் தரும், 0.05 ஓம் பலகையில் 2 ஆம்பியர் தரும். எங்கேயோ படித்த விரெஃப் எண்ணை அப்படியே வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். டிஆர்வி8825 என்ற இன்னொரு டிரைவர் என்றால் கணக்கு இன்னும் சுலபம்: 0.1 ஓம் பலகையில் விரெஃப்பின் இரு மடங்கு.

பவர் சப்ளையிலிருந்து வரும் ஆம்பியரை அளந்து அதுதான் காயில் மின்னோட்டம் என்று முடிவு கட்டக் கூடாது. இந்த டிரைவர்கள் மின்னழுத்தத்தை வேகமாக வெட்டி வெட்டிக் கொடுப்பவை. 12 வோல்ட் சப்ளையிலிருந்து அரை ஆம்பியர்கூட எடுக்காமல் காயிலில் ஒரு ஆம்பியருக்கு மேல் ஓடவிட முடியும். மோட்டாரின் மேல் 2.8 வோல்ட் என்று எழுதியிருந்தும் 12 அல்லது 24 வோல்ட் கொடுக்க முடிவதும் இதனால்தான். மின்னழுத்தம் கூடக்கூடக் காயிலில் மின்னோட்டம் சீக்கிரம் ஏறும், வேகத்தில் விசை அவ்வளவாகக் குறையாது. ஆகவே மெதுவாகப் போகும்போது பலம் போதவில்லை என்றால் மின்னோட்டத்தைப் பாருங்கள். வேகமாகப் போகும்போது மட்டும் பலம் போதவில்லை என்றால் மின்னழுத்தத்தைப் பாருங்கள்.

ஏ4988 பலகை வெறுமனே தாங்குவது ஒரு காயிலுக்குச் சுமார் 1 ஆம்பியர். அதற்கு மேல் ஹீட் சிங்க்கும் காற்றும் வேண்டும். நன்றாக ஓடி, நின்று, சற்றுக் கழித்துத் தானாகவே ஓடத் தொடங்கினால் டிரைவர் சூடாகித் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது என்று பொருள். மோட்டாரும் சூடாகும். தொட முடியாத அளவுக்கு, 80 டிகிரி வரைகூட, சூடாவது பல மோட்டார்களுக்கு இயல்புதான். மோட்டார் தாங்கும், அதைப் பிடித்திருக்கும் பொருள் தாங்குமா என்பதே கேள்வி. எங்கள் ரெயிலில் மோட்டாரைப் பிடித்திருந்தது 3டி பிரின்டரில் அச்சிட்ட பிஎல்ஏ தாங்கி. அந்தப் பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். தாங்கி மெல்லச் சாய்ந்து மரைத் தண்டு கோணலாகி இறுகியது. பார்ப்பதற்கு ஸ்டெப் தவறுவது போலவே இருந்தது. மின்னோட்டத்தைக் குறைத்து, தாங்கியை அலுமினியத்துக்கு மாற்றிய பிறகுதான் அது அடங்கியது.

இனி நான்காவது வகை: நன்றாக ஓடிவிட்டுத் தவறான இடத்தில் நிற்பது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஏனென்றால் இங்கே பிழையின் அளவே காரணத்தைச் சொல்லிவிடும். ஒரு ஸ்கேலும் பேனாவும் போதும்.

பிழை சரியாகப் பாதி, இரு மடங்கு, பதினாறு மடங்கு என்று வந்தால் அது அமைப்பில் உள்ள கோளாறு. ஏ4988-ஐக் கழற்றிவிட்டு டிஆர்வி8825 போட்டவுடன் ரெயில் சரியாகப் பாதி தூரம் மட்டும் போனது. மைக்ரோஸ்டெப் பின்கள் மூன்றையும் உயர்த்தி வைத்தால் முன்னது 16 என்று எடுத்துக்கொள்ளும், பின்னது 32 என்று எடுத்துக்கொள்ளும். ஒயரை ஒன்றுமே மாற்றவில்லை, ஆனால் பொருள் மாறிவிட்டது. இந்த இரண்டு பலகையையும் மாற்றிப் போடும்போது திருகு இருக்கும் பக்கத்தை அடையாளமாக வைத்துச் சொருகக் கூடாது. திருகு எதிர்ப்பக்கம் இருக்கும். எனேபிள் பின் எங்கே என்று படித்துப் பார்த்துச் சொருக வேண்டும்.

குறிப்பிட்ட தூரம் வரை சரியாகப் போய், அதைத் தாண்டினால் தலைகீழாகிற கோளாறும் எங்களுக்கு வந்தது. 80 மில்லிமீட்டர் வரை எல்லாம் துல்லியம். 120 போகச் சொன்னால் கேமரா பின்னோக்கி ஓடியது. எவ்வளவு பின்னே என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தோம்: ஏறக்குறைய 44 மில்லிமீட்டர். 44-ஐ 400-ஆல் பெருக்கினால் 17,600. 120-ஐ 400-ஆல் பெருக்கினால் 48,000. 48,000-லிருந்து 65,536-ஐக் கழித்தால் மைனஸ் 17,536. பிடிபட்டுவிட்டது. ஊனோவில் இன்ட் என்ற முழு எண் வகை 16 பிட், அதிகபட்சம் 32,767. அதாவது எங்கள் ரெயிலில் 81.9 மில்லிமீட்டர். விடையை வாங்கும் மாறி லாங் வகைதான், அது 32 பிட். ஆனால் பெருக்கப்படும் இரண்டு எண்ணும் இன்ட் என்பதால் பெருக்கல் 16 பிட்டிலேயே நடந்து, வழிந்த பிறகுதான் லாங்குக்குள் போகிறது. 400-க்குப் பின்னால் எல் என்ற எழுத்தைச் சேர்த்தவுடன் சரியானது. ஈஎஸ்பி32-இல் இன்ட்டே 32 பிட் என்பதால் அங்கே இந்தக் கோளாறு தலைகாட்டாது. அங்கே சோதித்த நிரலை ஊனோவுக்குக் கொண்டுவரும்போதுதான் வரும்.

பிழை சீராக இல்லாமல் அவ்வப்போது வந்தால் ரோட்டர் நழுவுகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே ஒரு நல்ல கணக்கு உண்டு. 1.8 டிகிரி ஸ்டெப்பர் நழுவினால் ஒரு ஸ்டெப், இரண்டு ஸ்டெப் என்று நழுவாது. காயில் மின்னோட்டங்களின் முழுச் சுழற்சி ஒன்றுக்கு நான்கு முழு ஸ்டெப் என்பதால், நான்கு நான்காகத்தான் இழக்கும். எங்கள் ரெயிலில் அது 0.16 மில்லிமீட்டர். நகர்வை, நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜில் பார்த்தபோது பிழை 0.05 அளவில்தான் இருந்தது. ஆகவே ரோட்டர் நழுவவில்லை, மின்னோட்டத்தைக் கூட்டுவதால் ஒரு பயனும் இல்லை. மரைத் தண்டுக்கும் நட்டுக்கும் நடுவே இருக்கும் தளர்வுதான் அது. அது திசை மாறும்போது மட்டும் வரும், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு இருக்கும்.

மோட்டார் தண்டையும் மரைத் தண்டையும் இணைக்கும் கப்ளர் நழுவுவது இன்னொரு வகை. மோட்டார் தண்டையும் கப்ளரையும் சேர்த்து மார்க்கர் பேனாவால் ஒரே கோடு இழுத்துவிடுங்கள். கோடு இரண்டாகப் பிரிந்தால் குட்டித் திருகு இறுகவில்லை. மோட்டாரும் நிரலும் குற்றமற்றவை.

போய் வருவதைப் பலமுறை திரும்பத் திரும்பச் செய்யவைத்து, பிழை ஒரே பக்கமாக, ஒரே அளவில் கூடிக்கொண்டே போகிறதா என்றும் பாருங்கள். அப்படியென்றால் பல்ஸின் நேரக் கணக்கு தவறு. டைரக்‌ஷன் பின்னை மாற்றிய உடனே ஸ்டெப் கொடுத்தால், முதல் ஸ்டெப் பழைய திசையிலேயே போய்விடலாம். ஏ4988-க்கு 200 நானோ வினாடி இடைவெளி போதும், டிஆர்வி8825-க்கு 650 வேண்டும். பல்ஸின் அகலமும் அப்படித்தான்: முன்னதற்கு 1 மைக்ரோ வினாடி, பின்னதற்கு 1.9. ஊனோவின் டிஜிட்டல்ரைட் தானாகவே பல மைக்ரோ வினாடி எடுத்துக்கொள்வதால் அங்கே தெரியாது. வேகமான சில்லுக்கு மாறும்போது வெளிப்படும்.

படம் எடுக்கும் இடைவெளியில் சூட்டைக் குறைக்க எனேபிளை அணைத்து வைப்பவர்கள் உண்டு. ரெயிலைப் படுக்கை நிலையில் வைத்தால் பரவாயில்லை. செங்குத்தாக நிறுத்தினால், ஒரு சுற்றில் 8 மில்லிமீட்டர் நகர்த்தும் மரைத் தண்டு கேமராவின் எடையிலேயே சுற்றிக்கொண்டு கீழே இறங்கிவிடும். அங்கே மின்னோட்டத்தைக் குறைக்கலாம், முழுதாக அணைக்கக் கூடாது.

எங்கள் ரெயிலில் தளர்வுக்கு நாங்கள் செய்தது எளிய ஏற்பாடு. பின்னே போக வேண்டிய ஒவ்வொரு முறையும் இலக்கைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகப் பின்னே போய், பிறகு முன்னே வந்து நிற்கும். எந்த இடத்தையும் எப்போதும் ஒரே திசையிலிருந்து அடைவதால் தளர்வு இருந்தும் கணக்கில் வருவதில்லை. அதன் பிறகு டயல் கேஜின் முள் ஒவ்வொரு முறையும் அதே கோட்டிலேயே வந்து நின்றது.